கண்ணோட்டம்

உலகில் கண் பெற்றவர் பலர். காணக் கற்றவர் சிலர். ஒரே பள்ளியிலிருந்து ஒரே தெரு வழியாக இரு சிறுவர் வீடு திரும்புகின்றனர். "வழியில் என்ன கண்டாய்?" என்று தாய் வினவினால், ஒருவன், "ஒன்றும் இல்லை, அம்மா" என்கின்றான். மற்றவனோ, வேலியோரத்தில் ஆவாரம்பூ பொன்போல் பூத்திருந்ததைக் கூறுகின்றான். மழைநீர் தேங்கிய சிறு பள்ளத்தில் மாலை வானம் முழுதும் தோன்றியதைக் கூறுகின்றான். விறகுச் சுமையை இறக்கி வைக்க ஆள் இன்றி மரத்தடியில் நின்ற மூதாட்டிக்குக் கைகொடுத்ததையும் கூறுகின்றான். இருவரும் நடந்த வழி ஒன்றே, பொழுதும் ஒன்றே. ஆயினும், ஒருவன் தெருவைக் கடந்தான். மற்றவன் தெருவைக் கண்டான்.

பூவையும் வானத்தையும் கண்ட சிறுவனே மூதாட்டியையும் கண்டான் என்பது இங்கே கருதத்தக்கது. அது தற்செயலாக நிகழ்ந்தது அன்று. அழகைக் காண்பதற்கு ஒரு கண்ணும் துயரைக் காண்பதற்கு மற்றொரு கண்ணும் மனிதனுக்கு இல்லை. தன்னைச் சற்றே மறந்து பிறிதொன்றை உற்று நோக்கும் ஆற்றலே இரண்டிற்கும் வேர். அவ்வாற்றல் மழுங்கிய இடத்தில் மலரும் தோன்றாது, மனிதனும் தோன்றான். அது வளர்ந்த இடத்தில் கலையும் வாழும், கருணையும் வாழும்.

இவ்வுண்மையைத் தமிழ் தன் சொல் ஒன்றிலேயே பொதிந்து வைத்துள்ளது. கண்ணோட்டம் என்பது அச்சொல். ஒரு பொருளைப் பார்க்கும் முறை என்னும் கருத்தில் இன்று அதனைப் பலரும் வழங்குகின்றனர். பண்டைத் தமிழில் அதற்கு இரக்கம் என்பது பொருள். ஒருவர்மேல் கண் சென்று படிந்தால் உள்ளமும் அவர்பால் செல்லும். ஆதலின், கண் ஓடுவதையே அருளின் பெயராக வைத்தனர் முன்னோர். திருவள்ளுவர் இப்பெயரால் ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அவர் துறவு கூறும் இடத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியல் கூறும் பகுதியில் வைத்தார். காட்டில் தனித்திருக்கும் முனிவர்க்கு மட்டுமன்று, நாட்டை நடத்தும் தலைவர்க்கும் இப்பண்பு வேண்டும் என்பது அவர் உள்ளக் கிடக்கை எனலாம்.

"அழகை நுகர்வது ஓய்வும் செல்வமும் உடையார்க்கே இயலும், உழைத்து உண்பார்க்கு அதனால் என்ன பயன்?" என்று கேட்பார் உண்டு. பசித்தவனுக்கு முதலில் வேண்டுவது சோறு என்பதில் ஐயம் இல்லை. வயிறு காய்ந்து நிற்பவனிடம் நிலவின் அழகைப் பேசுவது கொடுமையே ஆகும். ஆனால், ஏழைக்கு அழகே வேண்டா என்று முடிவு செய்வது அதனினும் கொடியது. அவனுக்கு வயிறு மட்டுமே உண்டு, உள்ளம் இல்லை என்று கருதுவது அது.

எளிய மக்களின் வாழ்வை அருகிருந்து அறிந்தவர் அவ்வாறு கூறார். நாற்று நட்ட பெண்டிர் சேற்றில் நின்றுகொண்டே பாடினர். பானை வனைந்த குயவர் அதன் கழுத்தில் ஒரு வரி கீறினார். அவ்வரியால் பானை ஒரு படி நீரேனும் மிகுதியாகக் கொள்ளப் போவதில்லை. ஆயினும், அஃது இன்றிப் பானை முற்றுப் பெறவில்லை என்று அவர் கைக்குத் தோன்றியது. கூரை வீட்டின் வாயிலிலும் விடியற்காலையில் நீர் தெளித்துக் கோலம் இடுகின்றனர். நண்பகலுக்குள் அது காலடி பட்டு அழியும். அழியும் என்று அறிந்தே இடுகின்றனர், மறுநாளும் இடுகின்றனர். அக்கோலத்தை அரிசி மாவால் இடுவது பழைய வழக்கம். எறும்புகள் வரிசையாக வந்து அம்மாவை உண்ணும். அழகு செய்த கையே அறமும் செய்தது. இரண்டையும் ஒரே செயலில் இணைத்துக் காட்டிய அப்பெண்டிருள் எழுத்தறியாதவர் எத்தனையோ பேர்! காணும் கண்ணுக்குப் பணம் தேவை இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இயற்கை இக்கண்ணைத் திறக்கும் முதல் ஆசிரியன். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அண்மையில் கொள்ளுக்குடிப்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்த வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு மழைக்காலந்தோறும் நாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் திரள் திரளாக வருகின்றன. மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தீபாவளித் திருநாளும் ஏறத்தாழ அப்பருவத்திலேயே வருகிறது. நாடெங்கும் வெடியோசை எழும் அந்நாளில் அச்சிற்றூரில் வெடியோசை எழுவதில்லை. ஓசைக்கு அஞ்சிப் பறவைகள் கூட்டை விட்டு அகலும் என்பதற்காக, அவ்வூர் மக்கள் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதைக் கைவிட்டுள்ளனர். வேட்டங்குடி பறவைகள் புகலிடமாக அரசால் அறிவிக்கப்பட்டது 1977-ஆம் ஆண்டில். ஆனால், சட்டத்திற்கு அஞ்சி வந்த வழக்கம் அன்று இது. பறவைகளைத் தம் ஊருக்கு வந்த விருந்தாக எண்ணியதால் வந்த வழக்கம்.

இங்கே விட்டுக்கொடுத்தவர் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீபாவளி வெடியில் பெரியோரினும் பேரின்பம் காண்பவர் சிறுவர் அல்லரோ? அண்டை ஊர்ச் சிறுவர் மத்தாப்பும் வெடியுமாக மகிழும்போது, அவ்வூர்ச் சிறுவர் கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்காகத் தம் ஆசையை அடக்குகின்றனர். வெண்ணிற இறகு விரித்து நாரை இறங்கும் காட்சியை இளமை முதல் கண்டு வளர்ந்த கண்களுக்கே இது கைகூடும். அறிவுரையால் மட்டும் இத்தகைய அடக்கம் பிறப்பதில்லை. அன்போடு கண்டு பழகியதால் பிறக்கின்றது.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலும் இவ்வாறே புகழ் பெற்றது. ஏரியில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், கரண்டிவாயனும், அரிவாள்மூக்கனும் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாயும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூரார் ஆங்கிலேய ஆட்சித் தலைவரை அணுகி, அங்கே எவரும் பறவைகளைச் சுடலாகாது என்னும் உறுதியை எழுத்தில் பெற்றனர். "விளைச்சல் பெருகும் என்னும் தந்நலத்தால் அன்றோ காத்தனர்?" என்று ஒருவர் வினவலாம். பயனும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், எச்சத்தால் நீர் வளம் பெறுகிறது என்பதை அறிவதற்கே பறவையை நெடுநாள் உற்று நோக்கியிருத்தல் வேண்டும். துப்பாக்கி ஏந்தி வந்தவரும் அதே பறவையைத்தான் பார்த்தனர். அவர்கள் இறைச்சியைக் கண்டனர். ஊரார் உயிரைக் கண்டனர்.

இயற்கை தானே வந்து கண்முன் நிற்கும். கலையோ, மனிதன் ஒருவன் தான் கண்டதைப் பிறர்க்கும் காட்ட விரும்பியதால் பிறப்பது. புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசற் குன்றைக் குடைந்து சமணர்க்குரிய கோயில் ஒன்றை அமைத்துள்ளனர். அதன் மேல்தளத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அக்குளத்தில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் இறங்கி நிற்கின்றன, இளைஞர் தாமரை கொய்து தோளில் தாங்கி நிற்கின்றனர். அவ்வோவியம் ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் தீட்டப் பெற்றதாக அறிஞர் கூறுவர். வறண்ட பாறைக்குள் குளிர்ந்த குளம் ஒன்றை வைத்துச் சென்றார் அதனைத் தீட்டியவர்.

தஞ்சைப் பெரிய கோயிலின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. முதலாம் இராசராசன் எழுப்பிய அக்கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட வழியின் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர், மேற்பூச்சு பெயர்ந்திருந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டார். அது சோழர் கால ஓவியம். வெள்ளானைமேல் சுந்தரர் கயிலை செல்லும் காட்சியும், உடன் குதிரைமேல் சேரமான் பெருமாள் விரையும் காட்சியும் அங்கே வெளிப்பட்டன. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அவை பூச்சுக்கு அடியில் கிடந்தன. நின்று நோக்கிய ஒருவர் வந்தபோதுதான் சுவர் பேசிற்று. பின்னர், மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தையும் அழிக்காமல் பெயர்த்தெடுத்துக் காத்தனர். ஒன்றின் அழகைக் காண மற்றொன்றை அழிக்க வேண்டுவதில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

இத்தகைய சின்னங்கள் உள்ள இடங்களில் மற்றொரு காட்சியையும் காணலாம். காண வந்தவர் சிலர், கூரிய கல்லாலும் கரியாலும் தம் பெயரைச் சுவரில் பொறித்துச் செல்கின்றனர். ஆயிரம் ஆண்டு நிலைத்த ஓவியத்தைத் தந்தவன் தன் பெயரை எழுதவில்லை. ஒரு நாழிகை வந்து நின்றவன் தன் பெயரை எழுதுகின்றான்! அவன் தீயவன் அல்லன். ஆனால், ஓவியத்தின்முன் நின்றபோதும் அவன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கீறிய ஒரு கோடு, அதற்குப் பின் பிறக்கப்போகும் பல்லாயிரவர் கண்ணிலிருந்து ஓர் அழகைப் பறித்துவிடுகின்றது. காணாமையும் ஒருவகைக் கொடுமையே ஆகும் என்பதை இதனால் அறியலாம்.

நூல்கள் காட்டும் அழகு கண்ணுக்கு எளிதில் புலப்படுவது அன்று. அது பயில்வோர்க்கே புலப்படும். குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல நூல்களைப் பாடம் கேட்டவர். 1880-ஆம் ஆண்டில் அந்நகருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண அவர் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் வியப்படையவில்லை, சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டோ என்று வினவினார். இளம் ஆசிரியர் அதனைக் கண்டதும் இல்லை. அந்த ஒரு வினா அவர் வாழ்வைத் திருப்பியது. தமிழ் தாம் கற்றதோடு முடியவில்லை என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

சிந்தாமணி சமணக் காப்பியம். சாமிநாதையரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். நூலின் பொருள் விளங்காத இடங்களில் அவர் தம் புலமையை மட்டும் நம்பி அமையவில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அவர்களிடம் அச்சமயத்தின் கொள்கைகளையும் வழக்கங்களையும் கேட்டறிந்தார். 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அவர் முயற்சியால் வெளிவந்தன. ஆற்றில் விடப்பட்டும், தீயில் இடப்பட்டும், கறையானுக்கு இரையாகியும் சுவடிகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் ஊராக நடந்து ஏடு தேடிய அவர் உழைப்பைத் தமிழுலகம் போற்றுகின்றது, போற்றுதல் தக்கதே. அதனோடு, ஒரு நூலின் அழகு அவரைப் பிற சமயத்தார் வீட்டு வாயிலுக்கு மாணவராக அழைத்துச் சென்றதையும் போற்றுதல் வேண்டும். நல்ல நூல் அறிவை மட்டும் வளர்ப்பதில்லை. அயலார் என்று எண்ணியவரை ஆசிரியராகக் காணவும் செய்கின்றது.

இவ்விடத்தில் வலிமையான தடை ஒன்று எழும். "கலையைப் போற்றிய மன்னர் பலர் பகைவர் ஊரைத் தீக்கு இரையாக்கினர், இசையில் திளைத்தவர் பலர் ஏவலரை வதைத்தனர். அழகைக் கண்டவர் எல்லாம் அருளாளர் ஆயினரோ?" என்பது அத்தடை. இதனை எளிதில் ஒதுக்குதல் ஆகாது. விடை தேடச் சங்க காலத்திற்கே செல்லலாம்.

தோகை விரித்து ஆடிய மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அளித்த வள்ளல் பேகன். மயிலின்மேல் கண் ஓடியது, உள்ளம் உருகியது. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். மயிலின் குளிரைக் கண்டவனுக்கு, தன் இல்லத்தில் வடிந்த கண்ணீர் தோன்றவில்லை. கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் இதனை அறிந்தனர். பரிசில் பெற்று வாழ்ந்த புலவர்கள் அவர்கள். ஆயினும், பொன்னையும் பொருளையும் வேண்டாது, அவன் மனைவிபால் செல்வதையே தமக்குரிய பரிசிலாக வேண்டினர். புறநானூற்றுப் பாடல்கள் இதற்குச் சான்றாக நிற்கின்றன.

பேகனின் அருள் பொய் அன்று. ஆனால், அது பாதி வழியில் நின்றுவிட்டது. தொலைவில் உள்ள அழகைக் காண்பது எளிது. அருகில் உள்ள துயரைக் காண்பது அரிது. மயில் அவனிடம் எதனையும் கேட்கவில்லை. அவன்மேல் குறை கூறவும் இல்லை. மனைவியின் கண்ணீரோ அவன் பிழையையே சுட்டியது. தன் பிழையைக் காட்டும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது மனித இயல்பு. அங்கே திறந்திருக்கும் கண்ணே முழுமையான கண். ஆகவே, அழகுணர்ச்சி ஒருவனை அருளாளன் ஆக்கியே தீரும் என்று கூறல் இயலாது. அது வாயிலைத் திறக்கும். உள்ளே செல்ல வேண்டியவன் மனிதனே. அழகைத் தன் உடைமையாக்கிக் களிப்பவன் வாயிலிலேயே நின்றுவிடுகின்றான். அழகால் தன்னை மறக்கக் கற்றவனே உள்ளே செல்கின்றான். நிற்பவனைத் தட்டி எழுப்பப் புலவர் நால்வர் வந்தனர் என்பது தமிழ் இலக்கியத்திற்கே பெருமை.

அழகின் முடிந்த நிலை எது? அன்புச் செயலே எனலாம். 1867-ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச் சாலையை நிறுவினார். அவ்வூரார் ஈந்த நிலத்தில் அஃது எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் அணையாது எரிகின்றது. வருவோரின் சாதியையும் சமயத்தையும் வினவாது அங்கே உணவு அளிக்கின்றனர். அவ்வடுப்பில் சிற்பம் இல்லை; ஓவியம் இல்லை. மண்ணும் நெருப்பும் பெரிய பாத்திரங்களுமே உள்ளன. ஆயினும், பசித்து வந்த ஒருவர் உண்டு எழும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு ஈடான ஓவியத்தை எந்த ஓவியன் தீட்ட வல்லான்? நீரின்றி வாடும் பயிருக்கும் மனம் நொந்த அடிகள், பசியால் வாடும் மனிதர்க்கு அடுப்பு மூட்டினார். பயிரைக் கண்ட கண்ணும் பசியைக் கண்ட கண்ணும் ஒன்றே.

இக்கண்ணைப் பெறுவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பள்ளி வளாகத்து வேப்ப மரம் இளவேனிலில் தளிர்ப்பதை ஒரு மாணவன் நின்று காணலாம். நூல் நிலையத்தில் எவரும் எடுக்காத நூல் ஒன்றை எடுத்துப் பயிலலாம். பழைய கோயிற் சுவரின்முன் கை கட்டி நின்று, அதனைச் செய்தவரின் பொறுமையை எண்ணிப் பார்க்கலாம். இவை யாவும் பயிற்சிகள். இவற்றின் பயன் தேர்வுத் தாளில் தோன்றாது. நண்பகல் வேளையில், தோழர் யாவரும் கூடி உண்ணும்போது, உணவு கொண்டுவராததை மறைக்கத் தண்ணீர் குடிக்கச் செல்வதுபோல் ஒருவன் எழுந்து செல்கின்றான். அவனைக் காணும் கண் எவனுக்கு உண்டோ, அவனிடமே அப்பயன் தோன்றும். கண்டவன் பிறர் அறியாமல் அவனைத் தன் அருகில் அமர்த்திக்கொண்டால், அன்று அவன் கற்ற கலையும் இலக்கியமும் நிறைவு பெற்றன எனலாம்.

கடந்து செல்பவர்க்கு உலகம் ஒரு தெரு. நின்று காண்பவர்க்கு அது பூவும் வானும் ஓவியமும் நூலும் நிறைந்த இல்லம்; அவ்வில்லத்தில் உள்ளவர் யாவரும் உறவினர். பார்ப்பதைக் கண்ணோட்டம் ஆக்குவதே கல்வி.